புரட்டாசியில் ராமநாதபுரம் கடற்கரையில் என்ன பறவை பார்க்கலாம்?

பரமக்குடிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் வேலை பார்க்கும் ஆசிரியர் கேட்டிருப்பது இது: காலாண்டு விடுமுறையில் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேரை அழைத்துக்கொண்டு தனுஷ்கோடி போக எண்ணம். அப்போது பூநாரை இருக்குமா? இல்லையென்றால் வேறு என்ன பார்க்கலாம், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு? சேற்றில் ஓடும் சின்னப் பறவைகள் எல்லாம் ஒன்று போலவே இருக்கின்றனவே, எப்படிப் பிரித்துச் சொல்வது? தொலைநோக்கி வாங்கித்தான் ஆக வேண்டுமா?

முதலில் பூநாரை. அதை நம்பிப் போகாதீர்கள். செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரத்தில் ஒன்றிரண்டு கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம். படாமல் போகவே வாய்ப்பு அதிகம். வடகிழக்குப் பருவமழை பெய்து, கோதண்டராமர் கோயிலை ஒட்டிய நீர்ப்பரப்பு நிரம்பி, பிறகு தண்ணீர் மெல்ல இறங்கத் தொடங்கும் மார்கழி, தை, மாசிதான் அவற்றின் காலம். பூநாரை தலையைக் கவிழ்த்து அலகைத் தலைகீழாகப் பிடித்துச் சேற்றுத் தண்ணீரை வடிகட்டித் தின்னும் பறவை. தண்ணீர் அதன் கால் எட்டும் ஆழத்தில் இருக்க வேண்டும், அதில் பாசியும் கண்ணுக்குச் சிக்காத இறால் வகை உயிர்களும் பெருகியிருக்க வேண்டும். அது அமையும் வருஷம் கூட்டமாக நிற்கும். அமையாத வருஷம் வேறு களப்பையோ (கடலோரத்தில் தேங்கிய ஆழமற்ற நீர்ப்பரப்பு) உப்பளத்தையோ தேடிப் போய்விடும். 2025 ஜூனில் தமிழக அரசு தனுஷ்கோடியில் சுமார் 524 ஹெக்டேர் பரப்பைப் பெரும் பூநாரைகளுக்கான சரணாலயமாக அறிவித்தது. மிக நல்ல முடிவு. ஆனால் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு, வருஷம் முழுக்கப் பூநாரை நிற்கும் என்று நம்பி வந்து ஏமாந்து திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். பூநாரைக்குத் தனியாகப் பொங்கல் விடுமுறையில் ஒரு நாள் வையுங்கள்.

அதற்காகக் காலாண்டு விடுமுறைப் பயணத்தைக் கைவிட வேண்டாம். என்னைக் கேட்டால், பிள்ளைகளோடு போவதற்குப் புரட்டாசியைவிடப் பொருத்தமான மாதம் கிடையாது. காரணம் இதுதான்: அந்த மாதத்தில் அந்தச் சேற்றில் நிற்கும் பறவைகளில் பல அந்த வருஷம் பிறந்த குஞ்சுகள். ஏறக்குறைய இரண்டரை, மூன்று மாத வயது. ஜூலையில் சைபீரியாவின் வடகோடியில் முட்டையிலிருந்து வெளியே வந்தவை, செப்டம்பர் கடைசியில் ராமேசுவரத்தில் நிற்கின்றன. அதுவும் தாய் தகப்பன் துணையில்லாமல்.

வளைமூக்கு உள்ளானை எடுத்துக்கொள்ளுங்கள். மைனாவை விடச் சிறியது, அலகு நுனி லேசாகக் கீழே வளைந்திருக்கும், கால் கறுப்பு. ராமநாதபுரம் கடற்கரையில் சாதாரணமாகக் காணக்கூடியது. சைபீரியாவின் தைமிர் தீபகற்பம் போன்ற துருவப் பகுதிகளில் குஞ்சு பொரிக்கிறது. ஆண் பறவை இணை சேர்ந்த பிறகு குஞ்சு வளர்ப்பதில் பங்கு எடுப்பதில்லை. ஜூலைத் தொடக்கத்திலேயே தெற்கே கிளம்பிவிடும். பெண் பறவை குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டு, அவை பறக்கும் பருவம் வரும் சமயம் கிளம்பிவிடும். மிச்சமிருக்கும் குஞ்சுகள் சில வாரம் தின்று கொழுத்து, முன்பின் பார்த்திராத வழியில் தாமாகவே வந்து சேர்கின்றன. திசையும் தூரமும் அவற்றுக்குப் பிறவியிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. இந்த ஒரு செய்தியை வண்டியில் போகும்போதே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். அப்புறம் அவர்கள் அந்தச் சின்னப் பறவையைப் பார்க்கும் பார்வையே வேறாக இருக்கும்.

பெரியது எது, குஞ்சு எது என்று இறகைப் பார்த்தே சொல்லலாம், கடினமில்லை. ஆவணி, புரட்டாசியில் வரும் பெரிய பறவைகளின் மேனி அழுக்காக, நைந்து இருக்கும். வயிற்றிலும் மார்பிலும் கோடைக்கால உடுப்பின் செங்கல் சிவப்பு திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டிருக்கும். இந்த வருஷத்துப் பறவைக்கோ எல்லா இறகும் ஒரே நேரத்தில் முளைத்தவை, புத்தம் புதியவை. முதுகில் ஒவ்வோர் இறகுக்கும் வெளிர் நிற ஓரம் இருப்பதால் செதில் செதிலாக, ஒழுங்காக அடுக்கி வைத்தது போல் தெரியும். மார்பில் மெல்லிய பழுப்பு வெண்மை. ஐப்பசி முடிவதற்குள் இரண்டு தரப்பும் இறகு மாற்றிச் சாம்பல் நிறத்துக்குப் போய்விடும். பிறகு பிரித்துச் சொல்வது கடினம். ஆகவே இதற்கும் புரட்டாசிதான் நல்ல நேரம்.

இப்போது இடமும் நேரமும். இதில் முக்கியமான ஒன்றைப் பலரும் கவனிப்பதில்லை. இந்தக் கடற்கரையில் பறவை எங்கே நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது தண்ணீர் மட்டமும் காற்றும்தான். மன்னார் வளைகுடாவில் கடல் ஏறி இறங்கும் அளவு குறைவு. அமாவாசை, பௌர்ணமியில்கூட ஒரு மீட்டருக்குள்தான். ஆனால் கரை அவ்வளவு தட்டையானது என்பதால், ஒரு சாண் தண்ணீர் வற்றினாலே பெரிய பரப்பு வெளியே வந்துவிடும். அந்த ஈரச் சேற்றில்தான் புழுவும் நண்டும் சிப்பியும் இருக்கின்றன. வற்றத்தின்போது பறவைகள் பரந்து மேயும். ஏற்றத்தின்போது உயரமான மணல்திட்டில் கூட்டமாக ஒதுங்கி, ஒற்றைக்காலில் நின்று தூங்கும். மேய்ச்சலைப் பார்க்க வற்றம் நல்லது, எண்ணிப் பார்க்க ஏற்றம் நல்லது. அன்றைக்கு எத்தனை மணிக்கு வற்றம் என்பதைப் பாம்பனிலோ மண்டபத்திலோ உள்ள மீனவர்களிடம் முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நாளைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் இன்னும் நல்லது.

காற்றைப் பற்றியும் அவர்களே சொல்வார்கள். தனுஷ்கோடியில் பாக் விரிகுடாப் பக்கத்தைப் பெண் கடல் என்றும் மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண் கடல் என்றும் சொல்வது வழக்கம். செப்டம்பரில் தென்மேற்குக் காற்று முழுக்க அடங்கியிருக்காது. ஆண் கடல் பக்கம் அலை அடித்துக்கொண்டிருக்கும், பெண் கடல் குளம் மாதிரி கிடக்கும். நீங்கள் போகும் காலத்தில் பெரும்பாலான உள்ளான்கள் வடக்குப் பக்கத்துச் சேற்றிலும், சாலைக்கு வடக்கே கிடக்கும் களப்புகளிலும்தான் மேயும். ஐப்பசி பிறந்து வாடைக் காற்று வந்ததும் இது தலைகீழாகும். கூடவே கார்த்திகை வாக்கில் இந்தக் கரையில் கடல் மட்டமே கொஞ்சம் உயர்ந்து நிற்பதால் சேற்றுப் பரப்பு சுருங்கும். புரட்டாசியில் சேறு அதிகம், பறவை பரவலாக இருக்கும். கார்த்திகையில் சேறு குறைவு, பறவை நெருக்கமாக இருக்கும்.

ராமேசுவரத்தில் முந்தின இரவே தங்கிவிடுங்கள். பரமக்குடியிலிருந்து விடியற்காலை கிளம்பினால் தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறிவிடும். இந்தக் கரையில் ஒன்பதரை மணிக்கு மேல் கானல் அலையத் தொடங்கினால் எவ்வளவு விலையுயர்ந்த தொலைநோக்கியிலும் பறவை நெளியத்தான் செய்யும். ஆறு, ஆறரைக்கு முதல் நிறுத்தம் கோதண்டராமர் கோயில் பக்கம். சாலையிலிருந்து வடமேற்கே பார்க்கும்படி நின்றால் சூரியன் தோளுக்குப் பின்னால் இருக்கும், நிறம் சுத்தமாகத் தெரியும். இங்கேயே ஒன்றரை மணி நேரம் செலவிடுங்கள். ஐந்து இடங்களை எட்டிப் பார்ப்பதைவிட ஒரே சேற்றுக் கரையில் அசையாமல் உட்கார்ந்திருப்பது பலமடங்கு மேல். நீங்கள் அசையாமல் இருந்தால் பறவைகள் மேய்ந்துகொண்டே உங்கள் பக்கமாக வந்துவிடும். நடந்து போய் நெருங்கினால் ஒருநாளும் அது நடக்காது.

பிரித்துச் சொல்வது எப்படி என்று கேட்டீர்கள். நிறத்திலிருந்து தொடங்காதீர்கள், நடையிலிருந்து தொடங்குங்கள். சேற்றில் இருப்பவை பெரும்பாலும் இரண்டு குடும்பங்கள். ஒன்று உப்புக்கொத்தி. குட்டை அலகு, உருண்டைத் தலை, பெரிய கண். நாலடி ஓடும், சட்டென்று நிற்கும், பார்க்கும், ஒரு கொத்து கொத்தும், மறுபடி ஓடும். கண்ணால் பார்த்து இரை தேடுகிற பறவை என்பதால்தான் அந்த நிறுத்தம். இன்னொன்று உள்ளான். அலகு நீளம், கண் சிறியது. நிற்கவே நிற்காது, நடந்துகொண்டே சேற்றுக்குள் அலகைக் குத்திக்கொண்டே போகும். அதன் அலகு நுனியில் தொடு உணர்வு நரம்புகள் நெருக்கமாக இருப்பதால் சேற்றுக்குள் புழு நெளிவதை அலகாலேயே அறிந்துவிடும். இந்த வித்தியாசம் ஒன்றை மட்டும் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, “ஓடி நிற்பவை எத்தனை, நிற்காமல் குத்துபவை எத்தனை” என்று எண்ணச் சொல்லுங்கள். பெயர் ஒன்றுகூடத் தெரியாமலே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

அடுத்தது அலகின் நீளம். ஒரே சேற்றில் இத்தனை வகைப் பறவைகள் சண்டையில்லாமல் மேய்வதற்குக் காரணமே அதுதான். சிட்டுக்குருவி அளவே இருக்கும் கொசு உள்ளான் மேல்மண்ணில் பொறுக்கும். வளைமூக்கு உள்ளான் அதற்குக் கீழே. சிவப்புக் காலோடு நிற்கும் பவளக்காலி இன்னும் கொஞ்சம் ஆழத்தில். நீண்ட அலகுள்ள பட்டைவால் மூக்கனும், அலகு நீண்டு கீழே வளைந்த கர்லூவும் ஆழக் குழியில் ஒளிந்திருக்கும் புழுவையும் நண்டையும் இழுத்து எடுக்கும். பட்டைவால் மூக்கன்கள் ஆழமில்லாத தண்ணீரில் வரிசையாக நின்று, குனிந்த தலை நிமிராமல் மேய்வதைப் பார்த்தால் வயலில் நாற்று நடுகிறவர்கள் நினைவுக்கு வருவார்கள். கூட்டத்தில் அலகு கூடுதல் நீளமாக இருப்பது பெண்.

மூக்கனைக் காட்டும்போது இன்னொரு செய்தியும் சொல்லலாம். 2022 அக்டோபரில் செயற்கைக்கோள் கருவி பொருத்திய ஒரு பட்டைவால் மூக்கன் அலாஸ்காவில் கிளம்பி, எங்கேயும் இறங்காமல் சுமார் 13,560 கிலோமீட்டர் பறந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் இறங்கியது. பதினோரு நாள். அதன் வயது அப்போது சுமார் ஐந்து மாதம். நம் கரைக்கு வருபவை வேறு கூட்டம், வடக்கு ரஷ்யாவிலிருந்து வருபவை. அவ்வளவு நீளமான கடல் அவற்றின் வழியில் இல்லை. ஆனால் உடம்பும் இறக்கையும் அதே இனத்தினுடையவைதான்.

உப்புக்கொத்திகளில் இந்தக் கரையில் எண்ணிக்கையில் மிகுந்தது மணல் உப்புக்கொத்தி. மேலே மண் நிறம், கீழே வெள்ளை, கறுப்பு அலகு. கழுத்தில் வெள்ளை வளையம் கிடையாது. தட்டையான சேற்றில் நூறு நூறாக இறைந்து கிடக்கும், ஒன்று அசைந்தால்தான் மற்றவை கண்ணுக்குத் தெரியும். இங்கே வருபவை திபெத்தியப் பீடபூமியிலும் லடாக்கிலும் நாலாயிரம் மீட்டருக்கு மேல் குஞ்சு பொரிப்பவை. அதாவது இமயமலையைத் தாண்டிக் கடல் மட்டத்துக்கு இறங்கி வருகின்றன. கழுத்தில் வெள்ளை வளையம் முழுதாகத் தெரிந்தால் அது வேறு வகை, கெண்டிஷ் உப்புக்கொத்தியோ அதன் நெருங்கிய உறவோ.

அந்த உறவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம் ஊர்க்காரர். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும் வாழும் இந்தச் சின்ன உப்புக்கொத்தியை நீண்ட காலம் கெண்டிஷ் உப்புக்கொத்தியின் ஒரு துணை வகை என்றே வைத்திருந்தார்கள். மரபணுவையும் உடல் அளவுகளையும் ஒப்பிட்ட ஆய்வுக்குப் பிறகு 2023இல் தனி இனம் என்று ஏற்றுக்கொண்டார்கள். இராமர் பாலத்தை ஒட்டிய பகுதியில் வாழ்வதால் அனுமன் உப்புக்கொத்தி என்று பெயர். இது வலசை போவதில்லை. மணலில் சும்மா ஒரு பள்ளம் பறித்து முட்டையிட்டு இங்கேயே குடும்பம் நடத்துகிறது. புரட்டாசியில் வடக்கேயிருந்து வரும் கெண்டிஷ் உப்புக்கொத்திகள் இதனோடு கலந்து நிற்கும்போது பிரித்துச் சொல்வது அனுபவசாலிகளுக்கே சிரமம். அனுமன் சற்றுச் சிறியது, கால் முழுக் கறுப்பாக இல்லாமல் சாம்பல் கலந்திருக்கும். சந்தேகமாக இருந்தால் இரண்டில் ஒன்று என்று குறித்துக்கொள்ளுங்கள், போதும்.

எட்டரை மணிக்கு மேல் அரிச்சல்முனைக்குப் போங்கள். 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு மணலில் நடந்தோ பெரிய சக்கர வண்டியிலோதான் போக முடிந்த இடம். 2017இல் சாலை வந்த பிறகு பேருந்தே போகிறது. அதனால் கூட்டமும் அதிகம், ஒன்பது பத்து மணிக்கு மேல் பறவையை விடச் செல்பேசிகள் அதிகமாக இருக்கும். முனையிலிருந்து தலைமன்னார் சுமார் 29 கிலோமீட்டர்தான். கண் முன்னே நீளும் மணல்திட்டுகளில் ஆலாக்களும் கடற்காகங்களும் ஓய்வெடுக்கும். ஆலாக்களிலேயே பெரிதாக, கேரட் நிற அலகோடு நிற்பது காஸ்பியன் ஆலா. மஞ்சள் அலகும் கலைந்த கறுப்புக் கொண்டையும் இருந்தால் பெரிய கொண்டை ஆலா. கடற்காகங்கள் புரட்டாசிக் கடைசியில்தான் சேரத் தொடங்கும். தெற்கு மணலில் அலை பின்வாங்கும்போது அதன் பின்னாலேயே ஓடி, அலை திரும்பும்போது முன்னால் ஓடி வரும் வெளிர் நிறச் சிறு உள்ளான் ஒன்று உண்டு. பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். கரையில் ஒதுங்கிய பாசியையும் சிப்பியையும் புரட்டிப் புரட்டித் தேடும் கல்திருப்பி உள்ளானும் இங்கே கிடைக்கும். காய வைத்த வலைகளுக்கு நடுவே கூடப் பயமில்லாமல் நடக்கும்.

முனையில் யாரையும் தண்ணீரில் இறங்க விடாதீர்கள். இரண்டு பக்கத்து நீரோட்டமும் சந்திக்கும் இடம், பார்க்க அமைதியாக இருந்தாலும் இழுத்துவிடும். நிழல் கிடையாது. குடிதண்ணீர், தொப்பி, குழந்தைகளுக்கு முழுக்கைச் சட்டை எல்லாம் நீங்களே கொண்டு போக வேண்டும். காற்று பலமாக இருந்தால் மணல் கண்ணில் அடிக்கும், தொலைநோக்கிக் கண்ணாடியைச் சட்டைத் துணியால் துடைக்காதீர்கள், கீறல் விழும்.

நல்ல நேரம் இருந்தால் இந்தப் பகுதியில் நண்டுதின்னியும் தென்படும். கறுப்பு வெள்ளை உடம்பு, தடித்த கறுப்பு அலகு, நீளமான சாம்பல் கால். இது சைபீரியாக்காரர் இல்லை. அரபிக்கடல், பாரசீக வளைகுடாக் கரைகளில் மணலில் நீளமான வளை தோண்டி அதற்குள் ஒரே ஒரு முட்டை இடுகிறது. கரைப் பறவைகளில் வளைக்குள் முட்டையிடும் வழக்கம் இதற்கு மட்டும்தான். மண்ணின் சூடே பாதி அடைகாத்துவிடும். வளைமூக்கு உள்ளானுக்கு நேர் எதிராக, நண்டுதின்னிக் குஞ்சு பெற்றோரோடு சேர்ந்தே இங்கே வந்து, குளிர்காலத்திலும் தாயைத் துரத்தித் துரத்தி நண்டு வாங்கித் தின்னும். மண்டபத்துக்கு எதிரே உள்ள மனோலித் தீவிலும் முயல் தீவிலும் இவற்றைப் பார்த்திருக்கிறார்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தில் பணியாற்றிய முனைவர் எஸ். பாலச்சந்திரன் 1980களிலேயே மண்டபத்தையும் அதை அடுத்த தீவுகளையும் சுற்றி இந்தக் கடற்கரைப் பறவைகளை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர். கோடையிலும் வடக்கே போகாமல் இங்கேயே தங்கிவிடும் இளம் பறவைகளைப் பற்றி நாம் அறிந்ததில் அவர் பங்கு பெரியது.

தீவுகளுக்குப் போகலாமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. நினைத்தபடி இறங்க முடியாது. பாம்பன் அருகே குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறை படகு விடுகிறது. காற்று பலமான நாளில் ஓடாது. முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். பறவைக்காகவென்றால் அதைவிடத் தொண்டிப் பக்கம் காரங்காடு நல்லது என்பது என் கருத்து. அலையாத்திக் காட்டுக்குள் படகில் போகலாம், ஓரச் சேற்றில் உள்ளான்கள் பக்கத்திலேயே மேயும். வைகை கடலில் சேரும் ஆற்றங்கரை முகத்துவாரமும், கீழக்கரையைத் தாண்டி வாலிநோக்கம் உப்பளங்களும் அருமையான இடங்கள்தான். ஆனால் உப்பளத்துக்குள் போக அனுமதி கேட்க வேண்டும், பாத்தி வரப்பில் பிள்ளைகள் கூட்டமாக நடந்தால் வரப்பு சரியும். அவற்றை இன்னொரு தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தொலைநோக்கி. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று தேவையில்லை. எட்டு மடங்கு பெருக்கி, நாற்பத்திரண்டு மில்லிமீட்டர் கண்ணாடி (8×42) என்று போட்டிருப்பதாக மூன்று பேருக்கு ஒன்று இருந்தால் போதும்; ஆரம்பத்துக்கு ஏற்றது பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். பத்து மடங்கு வாங்காதீர்கள், சின்னக் கைகளில் ஆடும். முக்காலியில் நிறுத்தும் பெரிய தொலைநோக்கி வைத்திருக்கும் பறவை ஆர்வலர் ஒருவரைக் கூட அழைத்துப் போக முடிந்தால் அந்த ஒன்றே எல்லாருக்கும் போதும். பணம் இல்லையென்றாலும் பயணத்தை நிறுத்த வேண்டாம். ஓட்டத்தையும் நிறுத்தத்தையும் அலகின் நீளத்தையும் வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம்.

நோட்டும் பென்சிலும் எல்லாரிடமும் இருக்க வேண்டும். தேதி, நேரம், காற்றின் திசை, தண்ணீர் ஏறுகிறதா இறங்குகிறதா, எந்தப் பறவை ஏறக்குறைய எத்தனை. ஏதாவது பறவையின் காலில் வளையமோ நிறக் கொடியோ தெரிந்தால் அதை விடாதீர்கள்: எந்தக் கால், முழங்கால் மடிப்புக்கு மேலா கீழா, என்ன நிறம், ஒன்றுக்கு மேல் இருந்தால் மேலிருந்து கீழாக என்ன வரிசை, எழுத்து இருந்தால் என்ன எழுத்து. செல்பேசியைத் தொலைநோக்கியின் கண்ணில் வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தகவலைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினால், அந்தப் பறவைக்கு எந்த நாட்டில், எப்போது வளையம் போட்டார்கள் என்பதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. உங்கள் பள்ளிப் பிள்ளைகள் எழுதிய ஒரு வரி, உண்மையான ஆய்வில் சேரும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். கூட்டத்தைக் கிளப்பிவிட்டுப் பறப்பதைப் படம் எடுக்கும் பழக்கம் தனுஷ்கோடியில் பெருகிவிட்டது. கல் எறிகிறார்கள், கை தட்டுகிறார்கள், ட்ரோன் விடுகிறார்கள். பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது. கொசு உள்ளான் இருபது, முப்பது கிராம் பறவை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து, சேர்த்து வைத்த கொழுப்பையெல்லாம் கரைத்துவிட்டு வந்திருக்கிறது. இனி புது இறகு முளைக்க வைக்க வேண்டும், அதற்கும் தீனி வேண்டும். மேய்வதற்கு வற்றம் கொடுக்கும் சில மணி நேரம்தான் உண்டு. அதற்குள் நாலு தடவை கிளப்பிவிட்டால் அது தின்றதைவிடச் செலவழித்தது அதிகமாகிவிடும். ஏற்றத்தில் ஒதுங்கி நிற்கும் கூட்டத்தைக் கிளப்புவது இன்னும் மோசம், ஒதுங்க வேறு திட்டு இருக்காது. பறவைகள் தலையைத் தூக்கி ஒரே திசையில் பார்த்தால், மேய்வதை நிறுத்தினால், நீங்கள் கிட்டே போய்விட்டீர்கள் என்று பொருள். இரண்டடி பின்னால் வந்து உட்காருங்கள். தெருநாய்கள் பின்னாலேயே வந்தால் பிஸ்கட் போட்டுப் பழக்க வேண்டாம். அவை அப்படியே உங்களோடு சேற்றுக்கு வந்துவிடும். முனையில் நைலான் வலைத் துண்டுகள் கிடந்தால் பொறுக்கி வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள். அதில் கால் சிக்கிய உள்ளான் தப்பிப்பது அரிது.

திரும்பும் வழியில் மின்கம்பிகளைப் பாருங்கள். செப்டம்பர் கடைசியில் தகைவிலான்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும், அவையும் வடக்கேயிருந்து வந்தவைதான். கருவேலங்காட்டு மேல் சூறைக்குருவிக் கூட்டம் சுருண்டு பறந்தால் வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். கண்மாய்களை மட்டும் அந்தப் பயணத்தில் சேர்க்காதீர்கள். சக்கரக்கோட்டை, தேர்த்தங்கால், சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், மேலச்செல்வனூர் எல்லாம் பெயர் பெற்ற சரணாலயங்கள், முதல் நான்கும் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இருப்பவை. ஆனால் மழை பெய்து தண்ணீர் வராமல் அங்கே போவதில் அர்த்தமில்லை. புரட்டாசியில் பெரும்பாலும் வெடித்த தரையும் சீமைக்கருவேலமும்தான் இருக்கும். ஐப்பசி மழையில் நிரம்பினால் கார்த்திகையில் நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் வந்து இறங்கும். மார்கழி, தையில் கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் கருவேல மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு வளர்க்கும். சக்கரக்கோட்டை ராமநாதபுரம் ஊரை ஒட்டியே இருக்கிறது. அரையாண்டு விடுமுறையில் ஒரு நாள் காலையில் பரமக்குடியிலிருந்து பேருந்தில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். போவதற்கு முன் கண்மாயில் தண்ணீர் இருக்கிறதா என்று அந்த ஊரில் யாரையாவது ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.